மாரிமுத்து பட்டையைப் பெயர்த்த அஞ்சலையம்மா

சென்ற வியாழக்கிழமை காலையில் நம் நூலகத்தின் சாவியை அஞ்சலையம்மா கொண்டுவரவில்லை. அவருடைய கணவர் மாரிமுத்து கொண்டுவந்தார். ஐப்பசித் தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. நனையாமலிருக்க உரச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார். நூலகப் பொறுப்பாளரான என் அப்பா படியிறங்கிப் போய், "என்ன மாரிமுத்து, அஞ்சலைக்கு இன்னும் காய்ச்சல் விடலியா?" என்று கேட்டார்.

"விட்டுருச்சு சார்" என்று சாவியை நீட்டினார் அவர். "விடியறப்ப அவளும் போயிட்டா."

அப்பா சாவியை வாங்கிக்கொள்ளாமல் அவர் கையையே பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே ஜன்னலோரம் இருந்தேன். கையிலிருந்த புத்தகத்தை எந்தப் பக்கத்தில் மூடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நம் வாசகர் வட்டத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த முறை ஆறுகளைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அஞ்சலையம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஈரக் காலோடு உள்ளே வந்து அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் நூலகச் சுவர்கள் முன்பு எப்படி இருந்தன என்று தெரியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நம் நூலகம் ஒரு காலத்தில் பண்ணை வீட்டின் குளியலறை. வெண்ணாற்றுப் படித்துறையை ஒட்டி, பெரிய வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியது. நிலத்துக்கு உச்சவரம்பு வந்து, களத்துமேடுகளில் சிவப்புக் கொடிகள் ஏறி, கூலிப் பேச்சுவார்த்தைக்காக ஜீப்புகள் தெருவில் புழுதி கிளப்பத் தொடங்கியபோது பண்ணையார் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டது. குளியலறையை மட்டும் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு அமைச்சர் வந்தார். "உடல் அழுக்கைக் கழுவிய அறை இனி உள்ளத்து அழுக்கைக் கழுவும் அறை!" என்று அவர் மேடையில் முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்த அஞ்சலையம்மா குனிந்து, "எந்த அழுக்கா இருந்தாலும் கூட்டி அள்ளப்போறவ நான்தான் பாப்பா" என்றார். அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த அறையில் தரையிலிருந்து என் தோள் உயரம்வரை நான்கு சுவர்களிலும் பச்சைப் பீங்கான் கல் பதித்திருந்தது. எங்கோ வெளிநாட்டில் செய்து, கப்பலில் நாகப்பட்டினத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்த கல். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாம் ஒரே பச்சை என்றுதான் முதலில் தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று நாற்றங்கால், ஒன்று பாசி, ஒன்று வாழைக்குருத்து என்று பிரிந்துகொண்டே போகும். காலை வெயிலில் ஆற்றின் அலை வெளிச்சம் ஜன்னல் வழியாகப் புகுந்து அந்தக் கற்களில் ஆடும். புத்தகம் பச்சையாகும். பக்கம் புரட்டும் என் விரலும் பச்சையாகும். ஆற்றின் அடியில் உட்கார்ந்து படிப்பதுபோல் இருக்கும். ஒருநாள் படித்துக்கொண்டே இருந்தபோது அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கெண்டை மீன் வந்து, என் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்பாவிடம் சொன்னேன். தஞ்சாவூருக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். அஞ்சலையம்மாவிடம் சொன்னேன். அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டு, "பெருசா, சின்னதா?" என்று கேட்டார்.

அவ்வளவு பச்சைக்கும் நடுவே கிழக்குச் சுவரின் மேல் இரண்டு வரிசையில், ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு, சிவப்புச் சிமெண்டு பூசியிருந்தது. இருபத்திரண்டு கல் இருந்திருக்க வேண்டிய இடம். ஊரில் எல்லோரும் அதை 'மாரிமுத்து பட்டை' என்றார்கள். "மாரிமுத்து பட்டைக்குப் பக்கத்துல பெஞ்சப் போடு" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்கு நெடுநாள் தோன்றவே இல்லை.

அதை அஞ்சலையம்மாவே ஒரு மழைக்காலப் பிற்பகலில் எனக்குச் சொன்னார். மழை பிடித்தால் அந்தக் கற்கள் வியர்க்கும். முத்து முத்தாக நீர் கோத்து வழியும். அவர் பழந்துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர், சிவப்புப் பட்டைக்கு வந்ததும் அதைத் தொடாமல் அடுத்த கல்லுக்குப் போனார். ஏன் அதை மட்டும் துடைப்பதில்லை என்று கேட்டேன்.

"அது என் புருஷன் பேரு. அதப் போயி எப்படித் துணியால தொடைக்கிறது?" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாரிமுத்து அப்போது பண்ணையின் வண்டிக்காரர். நீடாமங்கலம் ஸ்டேஷனிலிருந்து கல் பெட்டிகளை அவர்தான் மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். பதித்தவர் வெளியூர்க் கொத்தனார். முடிக்கும்போது இருபத்திரண்டு கல் குறைந்தது. வண்டிக்காரன் வழியில் விற்றுவிட்டான் என்று பண்ணையின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த காரியக்காரர் சொன்னார். களத்தில் மாரிமுத்துவை நிறுத்தி, கல்லுக்கு ஒன்றாக இருபத்திரண்டு சாட்டையடி கொடுத்தார்கள். காரியக்காரர் வாய்விட்டு எண்ணினார். மறுநாள் மாரிமுத்து அதிராம்பட்டினத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பட்டை சுவரில் இருக்கும்வரை இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சலையம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி நான்கு மாதம்.

"நீங்களும் கூடப் போயிருக்கலாமே?" என்றேன்.

"போயிருந்தா, திருட்டுக் குடும்பம் ஓடிப்போச்சுன்னு ஒரே பேச்சுல முடிச்சிருப்பாங்க. ஒருத்தராவது இங்க நின்னு மூஞ்சியக் காட்டணுமில்ல?"

அவர் நின்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் ஏறிப் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் அதே குளியலறையில் வெந்நீர்க் கொப்பரைக்கு விறகு வைத்தார், அதே கற்களைத் தேய்த்துக் கழுவினார். அவர் கழுவிவிட்டு வெளியே வந்ததும் வீட்டிலிருந்து யாராவது வந்து, அவர் தொட்ட தீட்டுப் போக இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார்களாம். "எனக்கப்பறம் தண்ணியையும் ஒருத்தர் கழுவணும்" என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒருநாள் பித்தளைக் குடம் இடறிக் கொப்பரை மூலையில் ஒரு கல்லின் ஓரம் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு தெரியவில்லை. பச்சை தெரிந்தது. கல்லுக்குப் பின்னால் இன்னொரு கல்! அவர் ஓடிப்போய்க் காரியக்காரரிடம் சொன்னார். காரியக்காரர் வந்து பார்க்கவில்லை. ஒரு ஆளை அனுப்பி அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அஞ்சலையம்மா கழுவும்போதெல்லாம் விரலை மடக்கி அந்த மூலையைத் தட்டிப் பார்ப்பார். மற்ற இடத்தில் 'டக்' என்று கேட்கும். அங்கே மட்டும் வேறு ஓசை.

"சும்மா தட்டிப் பாரு பாப்பா" என்றார். தட்டினேன். காலிப் பானையின் குரல் கேட்டது. "அப்ப பண்ணைச் சுவரு, இப்ப சர்க்காரு சுவரு. நான் இடிக்க முடியுமா? அதான் காத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த ஆண்டு கார்த்திகையில் சுவர் வியர்த்து நம் புத்தகங்கள் ஊறிவிட்டன. அகராதி உப்பி, மூட முடியாமல் வாய் பிளந்து கிடந்தது. பீங்கானில் ஆணி இறங்காததால் சுவர் அலமாரியும் அடிக்க முடியவில்லை. கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பது என்று பஞ்சாயத்தில் முடிவானது. கான்ட்ராக்டர் வந்து பார்த்து, "திங்கக்கிழமை ஆளுங்க வருவாங்க. கடப்பாரை போட்டா அரை நாள் வேலை சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சலையம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடப்பாரை போட்டால் முன்னால் இருந்த கல் எது, பின்னால் இருந்த கல் எது என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே பச்சைத் தூளாகிக் குப்பைக்குப் போய்விடும். மாரிமுத்து பட்டை சுவரிலிருந்து போய்விடும். ஊரார் வாயில் இருந்துகொண்டே இருக்கும்.

அது தை மாதம். கூலி நெல் கூட்டிக் கேட்டு அறுவடை நின்றுபோயிருந்தது. முற்றிய கதிர் வயலிலேயே தலைசாய்ந்து நிற்க, எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியிருந்தது. எனக்குப் பள்ளி இல்லை, அஞ்சலையம்மாவுக்கு அறுப்பு இல்லை. அன்று புதன்கிழமை. அவர் அப்பாவிடம் வந்து, "சனிக்கிழமை வரைக்கும் எனக்குக் குடுங்க சார். ஒரு கல்லும் உடையாம எடுத்துத் தர்றேன்" என்றார்.

"அத்தனை கல்லையுமா? கொத்து வேலை உனக்குத் தெரியுமா அஞ்சலை?"

"வேலை தெரியாது சார். சுவரு தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை வேகமாக ஆட்டினேன்.

முதலில் அவர் சாக்குகளை நனைத்துச் சுவர்களில் தொங்கவிட்டார். கல்லைப் பதித்திருந்தது பழைய சுண்ணாம்புக் காரை. அது ஊறட்டும் என்றார். ஒரு சிற்றுளி இரவல் வாங்கி வந்தார். இரும்புச் சுத்தியல் கல்லைக் கீறிவிடும் என்று ஒரு புளியங்கட்டையால் உளியைத் தட்டினார். எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. நான்கு பக்கமும் கல் நெருக்கிக்கொண்டிருந்தால் உளி நுழைய இடமில்லை. ஒன்றையாவது உடைத்துத்தான் மற்றதற்குப் போக வேண்டும். ஆனால் சிவப்புப் பட்டையைக் கொத்தியதும் பக்கத்துக் கற்களின் விளிம்பு வெளியே வந்துவிட்டது. உளி தாராளமாகப் போனது.

"பாத்தியா பாப்பா? என் புருஷன் எனக்கு வழிவிட்டு வச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்றார்.

அவர் கல்லைப் பெயர்ப்பதைப் பார்ப்பது தூங்கும் குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பதைப் பார்ப்பதுபோல் இருக்கும். மூட்டுக் காரையைச் சுரண்டுவார். நான்கு புறமும் லேசாகத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "விட்டுருச்சு" என்பார். கல் அவர் உள்ளங்கையில் வந்து உட்காரும். நான் வாங்கிக் கழுவிப் பத்துப் பத்தாக அடுக்கி நோட்டில் கோடு போட்டேன்.

கல் போன இடத்தில் எனக்கு ஒரு அதிசயம் காத்திருந்தது. ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஆங்கில எழுத்துகள் புடைத்திருந்தன. அவை ஈரச் சுண்ணாம்பில் பதிந்து, சுவர் முழுவதும் இடவலமாகத் திரும்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. சுவரே ஒரு புத்தகம்போல் இருந்தது. வீட்டுக்கு ஓடி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அதில் படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அஞ்சலையம்மா.

"கல்லைச் செஞ்ச ஊர் பேரு. கடலுக்கு அந்தப் பக்கம்."

"அங்கயும் இதுக்காக யாராச்சும் அடி வாங்கினாங்களான்னு போட்டிருக்கா?"

தினமும் பத்து மணிக்குக் காரியக்காரர் பேப்பர் படிக்க வருவார். ஆமாம், அதே காரியக்காரர்தான். இன்றும் நம் நூலகத்தில் கிழக்கு ஜன்னலோரம் உட்காருகிறவர். பண்ணை போய்விட்டது; அவருக்கு அந்தப் பேர் மட்டும் மிச்சம். அஞ்சலையம்மா கூட்டிக்கொண்டு வரும்போது எல்லோரும் காலைத் தூக்கிக்கொள்வார்கள். அவர் தூக்க மாட்டார். அஞ்சலையம்மா அவர் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவார்.

அன்று காரியக்காரர் பேப்பருக்கு மேலாகப் பார்த்து, "ஏன் அஞ்சல, நீ தேச்ச கல்ல நீயே பேத்தெடுக்கறியா?" என்றார்.

"தேச்சவளுக்குத்தானய்யா எங்க அழுக்கு இருக்குன்னு தெரியும்."

"எண்ணி வையி. இருபத்திரண்டு கம்மியா இருக்கும்."

"எண்ணத்தான் படிச்ச புள்ளைய வச்சிருக்கேன்" என்று என்னைக் காட்டினார். அவர் கை மட்டும் சிறிது நேரம் உளியைத் தட்டாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் மூன்று சுவர் முடிந்துவிட்டது. நான்காவதிலும் கொப்பரை மூலையைத் தவிர எல்லாம் முடிந்தது. அந்த மூலையை மட்டும் அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் படித்துறையில் உட்கார்ந்து கையில் ஒட்டிய சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆறு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உதிர்ந்த சுண்ணாம்பு அதில் பால்போலக் கரைந்து, வெள்ளைப் பாம்பாக நெளிந்து நெளிந்து கிழக்கே போனது. அது கடலுக்குப் போய்ச் சேரும், அங்கே உப்பாகும், அதை மாரிமுத்து வாரிக் குவிப்பார் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்கு பாப்பா" என்றார். "அன்னைக்கு நான் பாத்த பச்சை பாசியா இருந்துட்டா? இத்தனை வருஷம் அத நெனச்சுத்தான் காலையில எந்திரிச்சேன். அது இல்லேன்னு ஆயிட்டா அப்பறம் எத நெனச்சு எந்திரிக்கிறது?"

மறுநாள் சனிக்கிழமை. காரியக்காரர் வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு அஞ்சலையம்மா கொப்பரை மூலைக்குப் போனார். முதல் கல்லின் ஓரத்தில் உளியை வைத்ததும், தட்டுவதற்கு முன்பே கல் அவர் கையில் வந்துவிட்டது. மற்ற கற்களைப்போல் அது சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடிபோன்ற வழவழப்பின் மேல் சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கும்? பின்னால் சுண்ணாம்பில் பதிந்த எழுத்துகள் இல்லை. ஒரு முழுப் பச்சைக் கல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆற்றோரச் சுவர் அடியில் உள்வாங்கியிருக்கிறது. குழியைக் காரையால் நிரப்பி ஒவ்வொரு பூச்சாகக் காயவைக்கக் கொத்தனாருக்கு நேரமில்லை. பண்ணையில் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்ததாம். கையில் கிடைத்த கல்லை எடுத்து அடியில் வைத்துச் சுவரைச் சமம் செய்து, அதன் மேல் வேறு கல்லைப் பதித்து மூடிவிட்டார். பிறகு ஒருவனை நிறுத்தி அடித்தபோது வாயையும் மூடிக்கொண்டார். இதெல்லாம் அப்பா பிறகு எனக்கு விளக்கியது. அந்த நேரத்தில் யாரும் எதையும் விளக்கவில்லை. அஞ்சலையம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் கழுவித் தரையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கற்கள் புத்தம் புதிதாக இருந்தன. இருபது வருடம் யார் கண்ணும் படாத பச்சை. ஈரத்தோடு அவற்றை வரிசையாக வைத்தபோது நூலகத் தரையில் ஒரு சிறிய நாற்றங்கால் முளைத்ததுபோல் இருந்தது.

அஞ்சலையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "காரியக்காரய்யா, கொஞ்சம் வாங்க."

"என்ன?"

"வந்து எண்ணுங்க."

"பாப்பாதான் எண்ணுதே?"

"நீங்க எண்ணுங்க. அன்னைக்குக் களத்துல எண்ணுனீங்கல்ல, அதே மாதிரி வாய்விட்டு எண்ணுங்க."

அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். காரியக்காரர் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினார். பத்துக்கு மேல் குரல் தாழ்ந்தது. "கேக்கலய்யா" என்றார் அஞ்சலையம்மா. அவர் மறுபடி குரலை உயர்த்தினார். முழுக் கல் பத்தொன்பது. மூன்று உடைந்த கற்கள் இருந்தன. துண்டுகளை நான் பொருத்திப் பொருத்தி வைத்திருந்தேன். "இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு" என்றார். அதற்குமேல் எண்ண ஒன்றுமில்லை.

"அந்தக் கொத்தனார் சொல்லவே இல்லியே" என்றார் மெல்ல.

"நீங்க கேக்கவே இல்லியேய்யா. அடிக்கத்தான சொன்னீங்க."

காரியக்காரர் தரையையே பார்த்தார். ஆயுள் முழுவதும் எண்ணிப் பழகியவர் அல்லவா? கடைசிக் கல்லைக் காட்டி, "இதுல ஒரு மூலை காணுமே" என்றார். ஒரு கட்டைவிரல் அளவுத் துண்டு அதில் இல்லைதான். நான் காரை முழுவதும் கிளறித் தேடியும் கிடைக்கவில்லை.

அஞ்சலையம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. "அது வேணா என் புருஷன் எடுத்திருப்பான். எழுதிக்குங்க!" என்றார்.

காரியக்காரர் பேப்பரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். அஞ்சலையம்மா கூட்டிக்கொண்டே அவரருகே வந்தபோது பேப்பரைத் தாழ்த்தாமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அஞ்சலையம்மா அந்த இடத்தையும் கூட்டிவிட்டுப் போனார்.

அத்தனை கல்லும் என்ன ஆயின என்று கேட்பீர்கள். நம் தெருக்குழாய் மேடையில் நாம் எல்லோரும் குடம் வைக்கிறோமே, அந்தப் பச்சைத் தளம் அதுதான். அஞ்சலையம்மாவை வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. "வேணாம் சார். மறுபடி கம்மியா இருக்குன்னு ஆரம்பிப்பாங்க" என்றுவிட்டார். ஒரே ஒரு முழுக் கல்லை மட்டும் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாளே அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினார். மூலை இல்லாத கல்லை நான் பசை போட்டு ஒட்டினேன். அப்பாவின் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பது அதுதான்.

மாசி மாதம் ஒரு காலையில் மாரிமுத்து வந்தார். உப்புக் காற்றில் கறுத்துக் காய்ந்த, மெலிந்த மனிதர். அஞ்சலையம்மா அவரை உள்ளே அழைத்துவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். சுவர்களுக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தது. அவர் நான்கு சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

அஞ்சலையம்மா கிழக்குச் சுவருக்குப் போனார். கையை வைத்தார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே வெள்ளையாக இருந்தது.

அதன்பின் மாரிமுத்து உப்பளத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு மழைக்காலம் அவர்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அதில் இரண்டாவது மழை இன்னும் முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாரிமுத்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு மாடத்திலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். அஞ்சலையம்மாவின் இடுப்பில் எப்போதும் இருந்த பை. அதற்குள்ளிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். கட்டைவிரல் அளவு. பச்சை. வழவழவென்று இருந்தது.

காரை முழுவதும் கிளறி நான் தேடிக் கிடைக்காத துண்டு.

"வண்டி குலுங்கினதுல ஒரு பெட்டி பிரிஞ்சு, ஒரு கல்லு உடைஞ்சு இந்தத் துண்டு கீழ விழுந்துச்சு" என்றார். "புதுப் பொண்டாட்டி. அவ இப்படி ஒரு பச்சையப் பாத்திருக்கவே மாட்டாளேன்னு இடுப்புல சொருகிக்கிட்டேன். கல்யாண வேலைன்னு கல்லுப் பதிச்சு முடியற வரைக்கும் பண்ணையிலயே ராத்தங்க வச்சுட்டாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள களத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. எடுக்கல எடுக்கலன்னு கத்துறேன், இது இடுப்புல குத்திக்கிட்டே இருக்கு. அப்பறம் யாருக்கிட்ட காட்டுறது? அவகிட்டக்கூடக் காட்டல."

"அவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்லத் தூக்கிக்கிட்டு உப்பளத்துக்கு வந்தாளே, அன்னைக்குத்தான். ஒரு மூலைய மட்டும் நீ எடுத்துட்டேன்னு காரியக்காரருகிட்டச் சொல்லிட்டு வந்தேன்னு சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. இத எடுத்து அவ கையில வச்சேன். அவளும் சிரிப்ப நிறுத்திட்டா. உப்புப் பாத்தி வரப்புலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். அப்பறம் வெயிலுக்கு நேரா இதத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, 'ஏய்யா, எனக்குன்னு எடுத்தத இவ்வளவு நாளாவா தர்றது?'ன்னா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கூரையிலிருந்து சொட்டிய நீரைப் பிடிக்க வைத்திருந்த சட்டியை நகர்த்தி வைத்தார். "அவளோட அனுப்பலாம்னுதான் இருந்தேன். மனசு வரல. உங்க கல்லுல ஒட்டிரு பாப்பா."

"ஒட்டினா எல்லாரும் கேப்பாங்களே. என்ன சொல்றது?"

"அவ சொன்னதையே சொல்லு. எழுதிக்கச் சொன்னாளே."

நேற்று நூலகத்தில், அப்பாவின் மேஜையில், அந்தத் துண்டைக் கல்லின் மூலையில் வைத்துப் பார்த்தேன். இம்மி இடைவெளி இல்லாமல் பொருந்தியது. காரியக்காரர் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். அஞ்சலையம்மா அன்று சொன்னதையே சொன்னேன். அவர் எதையும் எண்ணவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். மழை விட்டிருந்தது. ஆற்று வெளிச்சம் வெள்ளைச் சுவரில் ஆடியது. இப்போது அதில் பச்சை இல்லை. ஆனாலும் அலமாரிக்குப் பின்னால் ஏதோ அசைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. பெரிதா சிறிதா என்று கேட்க ஆளில்லை.

எதையும் நம்புவதற்கு முன் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது, காதை வைத்துக் கேட்பது: இந்த இரண்டையும் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதாக அவர் விட்டுப்போனது ஒரு வேலை. அன்று காரியக்காரர் கையில் பேனா இல்லை. என்னிடம் நோட்டு இருந்தும் நான் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர எழுதவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன். பண்ணைக் குளியலறைக்கு வந்த கற்களில் மாரிமுத்து எடுத்தது ஒரு மூலை. கட்டைவிரல் அளவு. தன் மனைவிக்குக் காட்டுவதற்காக.

எழுதிவிட்டேன், அஞ்சலையம்மா.

எஸ்தர், பதினோராம் வகுப்பு